கியூபேஸ் லாஜிக்கல் எடிட்டர்: ஆயத்த பிரீசெட்டுகளைக் கொண்டு மிடி நோட்டுகளைத் திருத்துவது எப்படி?

விசைவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பக்திப் பாடல் தொகுப்பு ஒன்றுக்கு இசைக்கோப்பு செய்துவருகிறேன். வயலின் குழு, புல்லாங்குழல், தபேலா ஆகிய மூன்றையும் கீபோர்டில் வாசித்து, கியூபேஸ் ப்ரோ என்ற இசை மென்பொருளில் மிடியாகப் (ஒலியாக அன்றி, எந்த விசை எப்போது, எவ்வாறு அழுத்தப்பட்டது என்ற தரவாகப்) பதிவு செய்திருக்கிறேன். வாசிப்பு எனக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் விரல் பக்கத்து விசையில் இலேசாகப் பட்டதனால் விழுந்த மிகச் சிறிய நோட்டுகள் ஏறக்குறைய எல்லாப் பாடல்களிலும் சிதறிக் கிடக்கின்றன. கீ எடிட்டரில் ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பதற்குப் பொறுமை இருந்தாலும் நேரம் இல்லை.

நிபந்தனை எழுதி நோட்டுகளை மொத்தமாகத் திருத்த உதவும் லாஜிக்கல் எடிட்டரில், மென்பொருளுடனேயே வரும் பிரீசெட்டுகளுள் (ஆயத்த அமைப்புகளுள்) குறுகிய நோட்டுகளை அழிப்பதற்கென்று ஒன்று இருப்பதைக் கண்டு அதை இயக்கினேன். வேண்டாத நோட்டுகள் போய்விட்டன. ஆனால் வயலின் டிராக்கில் வாசிப்பு முறையை மாற்றுவதற்காகக் கீழ் ஆக்டேவில் நான் வைத்திருந்த கீஸ்விட்ச் நோட்டுகளும் சேர்ந்து அழிந்ததால், நீண்ட வில் இழுப்பாக ஒலிக்க வேண்டிய இடங்கள் பிட்சிகாட்டோவாக (தந்தியை விரலால் சுண்டுவதாக) ஒலிக்கத் தொடங்கின. அன்டூ செய்து பழைய நிலைக்குத் திரும்பிவிட்டேன்.

இது தொடர்பாக மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, இந்த பிரீசெட்டை என் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியுமா, முடியுமென்றால் எந்த வரியில் கை வைக்க வேண்டும்? இரண்டாவது, தபேலாவில் வெலாசிட்டி (விசை எவ்வளவு ஓங்கி அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் எண்) மிகவும் ஏறி இறங்குகிறது. எல்லாவற்றையும் 100 ஆக்கும் பிரீசெட்டைப் போட்டால் உயிரே போய்விடுகிறது. அதற்கும் இப்போதுள்ள நிலைக்கும் நடுவே ஏதேனும் வழி உண்டா? மூன்றாவது, தொகுப்பில் ஒரு பாடல் மிசிர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. ஒவ்வொரு பாரின் (மென்பொருள் தாளத்தைப் பகுக்கும் அளவின்) முதல் அடிக்கு மட்டும் சற்று அழுத்தம் கூட்ட விரும்புகிறேன். கைவசம் உள்ள பிரீசெட் 4/4-க்கு எழுதப்பட்டதாகத் தெரிகிறது. அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலிமேசை எழுதியது:

வணக்கம் நண்பரே. பிரீசெட் என்பது யாரோ ஒருவர் தம் தேவைக்காக எழுதி வைத்த ஒரு கட்டளை வாக்கியம்தான். மெனுவில் அதன் பெயரை மட்டும் பார்த்து இயக்காமல், லாஜிக்கல் எடிட்டர் சாளரத்தைத் திறந்து அந்த வாக்கியத்தை முழுமையாக வாசித்துவிட்டால் உங்கள் முதல் ஐயத்தின் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும்.

சாளரத்தின் மேல் பகுதி, எந்த நிகழ்வுகளைத் தேட வேண்டும் என்பதைச் சொல்கிறது. கீழ்ப் பகுதி, கிடைத்த நிகழ்வுகளின் எந்த மதிப்பை எவ்வாறு மாற்ற வேண்டும் என்பதைச் சொல்கிறது. இவை இரண்டையும் தவிர, ஒட்டுமொத்தமாக என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும் செயல் பட்டியல் ஒன்று உண்டு: அழித்தல், மாற்றுதல், நுழைத்தல், நகலெடுத்தல், பிரித்தெடுத்தல், தேர்ந்தெடுத்தல் ஆகியவை அதில் இருக்கும். அழித்தலைத் தேர்ந்திருந்தால் கீழ்ப் பகுதிக்கு வேலையே இல்லை. மேலே உள்ள நிபந்தனைகளுக்குப் பொருந்துவன அனைத்தும் நீங்கிவிடும்.

நீங்கள் இயக்கிய பிரீசெட்டைத் திறந்து பார்த்தால், நிகழ்வின் வகை நோட்டாக இருக்க வேண்டும், அதன் நீளம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் எந்தக் கட்டுப்பாடும் இராது. சுருதியைப் பற்றி அது எதுவும் கேட்கவில்லை. வெலாசிட்டியைப் பற்றியும் கேட்கவில்லை. கீஸ்விட்ச்சைப் பெரும்பாலோர் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிடுவதால் அவையும் குறுகிய நோட்டுகளாகவே பதிவாகின்றன. ஆகவே பிரீசெட் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

இப்போது அதில் இரண்டு நிபந்தனைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். வகை நோட்டு என்று முதல் வரியில் சொல்லிவிட்டால், அடுத்த வரிகளில் முதல் மதிப்பு என்பது சுருதியையும் இரண்டாம் மதிப்பு என்பது வெலாசிட்டியையும் குறிக்கும். வயலினின் கடைசித் தந்தி மேற்கத்திய முறையில் ஜி சுருதிக்குக் கட்டப்படுகிறது. மிடியில் அதன் எண் 55. கியூபேஸ் அதை ஜி2 என்று காட்டும். அதற்குக் கீழே வயலினில் சுரமே கிடையாது என்பதால், சுருதி 55 அல்லது அதற்கு மேல் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் கீழ் ஆக்டேவில் உள்ள கீஸ்விட்ச்சுகள் எவ்வளவு குறுகியவையாக இருந்தாலும் தொடப்படமாட்டா. (இந்த எண்ணை நான் வலியுறுத்துவதற்குக் காரணம், மிடி எண் 60-ஐக் கியூபேஸ் சி3 என்று அழைக்கிறது, வேறு சில மென்பொருள்கள் அதையே சி4 என்று அழைக்கின்றன என்பதுதான். சாம்பிள் லைப்ரரியின் (பதிவு செய்த வாத்திய ஒலிகளின் தொகுப்பின்) கையேட்டில் உள்ள எழுத்தை அப்படியே இங்கே இட்டால் ஓர் ஆக்டேவ் தவறிப்போகும்.) அடுத்த வரியில் வெலாசிட்டி 30-க்குக் கீழ் என்று சேருங்கள். பக்கத்து விசையில் பட்ட விரல் பெரும்பாலும் மெலிதாகத்தான் பட்டிருக்கும். எல்லா வரிகளும் “அண்ட்” என்ற இணைப்பால் சேர்ந்திருக்கட்டும்.

இதில் ஒருபோதும் விடக்கூடாத வரி எது என்றால், வகை நோட்டு என்கிற அந்த முதல் வரிதான். அதை நீக்கிவிட்டு இரண்டாம் மதிப்பு 30-க்குக் கீழ் என்று மட்டும் வைத்து அழிக்கச் சொன்னால், கன்ட்ரோலர் நிகழ்வுகளும் (பெடல் போன்றவற்றின் அசைவைப் பதிவு செய்பவை) அந்த வலையில் விழும். ஏனெனில் கன்ட்ரோலருக்கு முதல் மதிப்பு அதன் எண், இரண்டாம் மதிப்பு அதன் அளவு. சுரங்களை நீட்டி ஒலிக்கச் செய்யும் சஸ்டெயின் பெடல் கன்ட்ரோலர் எண் 64; பெடலை அழுத்தும்போது 127-உம் விடும்போது 0-உம் பதிவாவது வழக்கம். விட்டதைக் குறிக்கும் பூச்சியங்கள் எல்லாம் அழிந்துவிட்டால், பெடல் ஒருமுறை அழுத்தப்பட்டு விடப்படாமலே இருப்பதாக மென்பொருள் கருதும். அதன் பிறகு வரும் சுரங்கள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்று கலந்து ஒலிக்கும். கண்ணுக்கு நோட்டுகள் சரியாகவே தெரிவதால் காரணத்தைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

நீளத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாஜிக்கல் எடிட்டர் நீளத்தையும் இடத்தையும் டிக்குகளில் கணக்கிடுகிறது. ஒரு கால் நோட்டுக்கு 480 டிக்குகள். டிக் என்பது தாளத்தின் பகுதியே தவிர நேரத்தின் பகுதி அன்று. நிமிடத்துக்கு 120 அடிகள் என்ற டெம்போவில் ஒரு டிக் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். 72 என்ற டெம்போவில் அது 1.7 மில்லிசெகண்டுக்கு மேல் போகும். 144 என்றால் 0.9-க்கும் கீழே வந்துவிடும். எனவே 40 டிக்குகள் என்று நீங்கள் வைக்கும் வரம்பு, மெதுவான பாடலில் சுமார் 69 மில்லிசெகண்டாகவும் விரைவான பாடலில் சுமார் 35 மில்லிசெகண்டாகவும் இருக்கும். விரல் தவறிப் படும் நேரமோ டெம்போவைப் பொறுத்து மாறுவதில்லை. தொகுப்பில் உள்ள பாடல்களின் டெம்போ வெவ்வேறாக இருந்தால் ஒரே பிரீசெட்டை எல்லாவற்றிலும் இயக்காமல், நீள வரம்பைப் பாடலுக்குப் பாடல் மாற்றிக்கொள்வது அவசியம்.

கடைசியாக, எதையும் முதலில் அழிக்காதீர்கள். செயல் பட்டியலில் தேர்ந்தெடுத்தல் என்பதை வைத்து இயக்கினால், நிபந்தனைக்குப் பொருந்தும் நோட்டுகள் கீ எடிட்டரில் தேர்வாகி நிற்கும். எவை சிக்கியிருக்கின்றன என்று கண்ணால் பார்த்து, எண்களை ஏற்றி இறக்கி, நிறைவு வந்த பிறகு அழியுங்கள்.

பழைய கீபோர்டு எழுதியது:

ஒலிமேசை அவர்கள் சொன்னவை அனைத்தும் சரியே. ஆயினும் முதல் ஐயத்துக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. கியூபேஸின் மிடி மெனுவில் ஃபங்க்ஷன்ஸ் என்ற பகுதியில் டிலீட் நோட்ஸ் என்றொரு கருவி இருக்கிறது. பதிவின்போது தவறி விழுந்த நோட்டுகளை நீக்குவதற்கென்றே அது உருவாக்கப்பட்டது. குறைந்தபட்ச நீளம், குறைந்தபட்ச வெலாசிட்டி என்று இரண்டு வரம்புகளை அதில் வைக்கலாம்; இரண்டுக்கும் கீழே இருந்தால்தான் அழிக்க வேண்டுமா, ஏதேனும் ஒன்றுக்குக் கீழே இருந்தாலே போதுமா என்பதையும் சொல்லலாம். இரண்டுக்கும் கீழே என்று வைத்தால், அழுத்தமாகத் தட்டப்பட்ட கீஸ்விட்ச்சுகள் குறுகியவையாக இருந்தாலும் தப்பிவிடும்.

மெலிதாகத் தட்டிய கீஸ்விட்ச் இருந்தால் அது தப்பாது என்பது உண்மை. சுருதியைக் கொண்டு விலக்குவதற்கு அந்தக் கருவியில் வழியில்லை. அதற்கும் நிலையான தீர்வு ஒன்று உண்டு. 2009-இல் வெளிவந்த கியூபேஸ் 5 முதல் எக்ஸ்பிரஷன் மேப் என்ற வசதி இருக்கிறது. கீஸ்விட்ச்சுகளை அதில் வரையறுத்துவிட்டால், வாசிப்பு முறை மாற்றங்கள் கீ எடிட்டரின் கீழே தனிப் பட்டையில் அமரும். நோட்டுகளுக்கு நடுவே நோட்டாக இரா. அதன் பிறகு எந்த பிரீசெட்டை இயக்கினாலும் அவற்றுக்கு ஆபத்தில்லை. கீஸ்விட்ச்சுகள் வாசிப்போடு கலந்து கிடப்பதுதான் இங்கே மூலக் காரணம் என்று கருதுகிறேன். அதைச் சரிசெய்துவிட்டால் பிரீசெட்டுக்கு வேலி கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

தாளக்கட்டு எழுதியது:

இரண்டாவது, மூன்றாவது ஐயங்களுக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். தபேலா, மிருதங்கம் போன்றவற்றை மிடியில் அமைப்பதுதான் என் அன்றாட வேலை என்பதால் இவற்றில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

எல்லா வெலாசிட்டியையும் 100 ஆக்குவது தாள வாத்தியத்துக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு. நல்ல தபேலா சாம்பிள்களில் வெலாசிட்டி மாறும்போது ஒலியின் அளவு மட்டும் மாறுவதில்லை. வேறு பதிவு செய்யப்பட்ட அடியே ஒலிக்கும். நிலையான மதிப்பை வைத்தால் ஒரே அடுக்கு மட்டுமே திரும்பத் திரும்ப ஒலித்து, காது உடனே அதைப் பொய்யென்று கண்டுகொள்ளும். நீங்கள் உணர்ந்த உயிரின்மைக்குக் காரணம் அதுதான்.

உங்களுக்கு வேண்டியது ஏற்ற இறக்கத்தின் அகலத்தைக் குறைப்பதுதான். அதற்கு இரண்டு படிகள் போதும். முதல் படியில் வெலாசிட்டியை 0.5-ஆல் பெருக்குங்கள். அப்போது 40, 80, 120 என்று இருந்த மூன்று அடிகள் 20, 40, 60 என்று ஆகும். அகலம் பாதியாகிவிட்டது, ஆனால் எல்லாமே மெலிந்துவிட்டன. இரண்டாம் படியில் 40-ஐக் கூட்டுங்கள். அவை 60, 80, 100 என்று வந்து நிற்கும். நடுவில் இருந்த அடி தன் இடத்திலேயே இருக்கிறது. ஓங்கியதும் ஒடுங்கியதும் அதை நோக்கி நெருங்கியிருக்கின்றன. எது அழுத்தமான அடி, எது மெலிதான அடி என்ற வரிசை கலையவில்லை. இதை லாஜிக்கல் எடிட்டரில் இரண்டு பிரீசெட்டுகளாகச் சேமித்து ஒன்றன்பின் ஒன்றாக இயக்கலாம். ஃபங்க்ஷன்ஸ் பகுதியில் உள்ள வெலாசிட்டி கருவியில் கம்ப்ரஸ் என்பதைத் தேர்ந்து, பிறகு கூட்டலைச் செய்தாலும் இதே பயன் கிடைக்கும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் 40-ஐக் கூட்டினால் 120 என்பது 160 ஆக வேண்டும். மிடியில் வெலாசிட்டியின் உச்சம் 127 என்பதால் அது அங்கேயே முட்டி நிற்கும். 87-க்கு மேல் இருந்த அடிகள் எல்லாம் ஒரே மதிப்பாகி, அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடு திரும்பப் பெற முடியாதபடி அழிந்துவிடும்.

இனி மிசிர சாபு. 4/4-க்கு எழுதப்பட்ட பிரீசெட்டில், இடம் என்பது பாருக்குள் ஒரு குறிப்பிட்ட பகுதியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் காண்பீர்கள். இந்த நிபந்தனை ஒவ்வொரு பாரிலும் புதிதாகப் பொருந்தும். எனவே முதலில் புராஜெக்டின் தாள அமைப்பை 7/8 என்று வையுங்கள். அப்போதுதான் தாளத்தின் ஓர் ஆவர்த்தனமும் (முழுச் சுற்றும்) மென்பொருளின் ஒரு பாரும் ஒன்றாகும். 4/4-இல் ஒரு பாருக்கு 1920 டிக்குகள்; 7/8-இல் எட்டில் ஒரு நோட்டுக்கு 240 வீதம் 1680 டிக்குகள். மிசிர சாபுவை 3, 4 என்று பிரித்து வாசித்தால் இரண்டாம் பகுதி 720-ஆவது டிக்கில் தொடங்கும். அங்கே சிறிது அழுத்தம் வேண்டுமென்றாலும் அந்த எண்ணைக் கொண்டு இன்னொரு பிரீசெட் எழுதிக்கொள்ளலாம். ஆதி தாளத்துக்கும் இதே முறைதான். 4/4-ஆக விட்டுவிட்டால் ஆவர்த்தனம் இரண்டு பார்களாகப் பிரிந்து, சமத்துக்கு, அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடிக்கு, கிடைக்க வேண்டிய அழுத்தம் ஐந்தாவது அடிக்கும் போய்ச் சேரும். 8/4 என்று வைத்தால் சமம் மட்டும் தனித்து நிற்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் கையால் வாசித்ததால் எல்லா அடிகளும் பாரின் தொடக்கத்துக்குச் சரியாக வந்து விழுந்திரா. சில அடிகள் ஒரு மயிரிழை முந்தியிருக்கும். முந்திய அடி மென்பொருளின் கணக்கில் முந்தைய பாரின் கடைசியில் இருக்கிறது. 0 முதல் 30 டிக் வரை என்று மட்டும் நிபந்தனை வைத்தால், அதிக ஆவேசத்தோடு சற்று முன்னதாக விழுந்த சமங்கள், அதாவது அழுத்தம் மிகவும் தேவைப்படுபவை, விடுபட்டுவிடும். ஆகவே 0 முதல் 30 வரை, அல்லது 1650 முதல் 1680 வரை என்று இரண்டு வரிகள் எழுதி, அவை இரண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்து, அதற்கு முன்னால் வகை நோட்டு என்பதை “அண்ட்” கொண்டு இணையுங்கள். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் கியூபேஸ் “அண்ட்” இணைப்பை முதலிலும் “ஆர்” இணைப்பை அடுத்தும் கணக்கிடும்; அதன்படி நோட்டாகவும் பாரின் தொடக்கத்திலும் இருப்பவை ஒரு கூட்டம், பாரின் கடைசியில் உள்ள எந்த நிகழ்வும் மற்றொரு கூட்டம் என்று பொருள் மாறிப்போகும். பிறகு பாரின் கடைசியில் இருக்கும் கன்ட்ரோலர் மதிப்புகளும் ஏறிவிடும்.

கீழ்ப் பகுதியில் வெலாசிட்டியுடன் 12-ஐக் கூட்டச் சொல்லுங்கள். நிலையான மதிப்பை வைக்க வேண்டாம். வெலாசிட்டியைச் சுருக்கும் வேலையை முடித்த பிறகே இதைச் செய்யுங்கள். முன்னால் செய்தால் கூட்டிய 12-இல் பாதி சுருக்கத்தில் போய்விடும்.

விசைவழி எழுதியது:

விரிவாக விடை எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தேர்ந்தெடுத்தல் என்பதை வைத்து இயக்கிப் பார்த்தேன். வயலின் டிராக்குகளில் 55 என்ற சுருதி வரம்பு மிகவும் நன்றாக வேலை செய்கிறது. சிக்கியவற்றுள் வாசிப்பைச் சேர்ந்த நோட்டு ஒன்றுகூட இல்லை. எக்ஸ்பிரஷன் மேப்புக்கு அடுத்த தொகுப்பில் மாறிக்கொள்கிறேன். இப்போது பாதி வேலை முடிந்த நிலையில் எல்லா டிராக்குகளையும் திருப்பி அமைக்கத் துணியவில்லை. தாளக்கட்டு அவர்கள் சொன்னபடி 7/8-க்கு மாற்றியதும் மிசிர சாபுப் பாடல் நிமிர்ந்துகொண்டது.

புல்லாங்குழலில்தான் இன்னும் தடுமாற்றம். அதில் நான் வேண்டுமென்றே வாசித்த அணிச் சுரங்கள் உள்ளன. அடுத்த சுரத்துக்குப் போகும் முன் தொட்டுவிட்டுப் போகும் மிகச் சிறிய, மெலிதான நோட்டுகள். நீளத்திலும் வெலாசிட்டியிலும் அவை விரல் தவறிப் பட்ட நோட்டுகளைப் போலவே இருக்கின்றன. எந்த எண்ணை வைத்தாலும் ஒன்று அணிச் சுரங்கள் போகின்றன, அல்லது தவறிய நோட்டுகள் தங்கிவிடுகின்றன. இவற்றைப் பிரிப்பதற்கு நிபந்தனை எதுவும் உண்டா?

மேலும், எழுதி வைத்த பிரீசெட்டுகளை ஒவ்வொரு முறையும் சாளரத்தைத் திறந்து இயக்காமல் நேரடியாகப் பயன்படுத்த வழியிருக்கிறதா? என் நண்பர் ஒருவர் லாஜிக் ப்ரோ என்ற மற்றோர் இசை மென்பொருளில் வேலை செய்கிறார். அவரும் இதையே கேட்கிறார்.

லாஜிக் விரும்பி எழுதியது:

நண்பருக்காக லாஜிக் ப்ரோவைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்கிறேன். அங்கே இதற்கு இணையானது மிடி டிரான்ஸ்ஃபார்ம் சாளரம். விண்டோ மெனுவிலிருந்து அதைத் திறக்கலாம். நிலையான வெலாசிட்டி, படிப்படியாக ஒலி கூட்டுதல், இரட்டை வேகம், பாதி வேகம், மனிதர் வாசித்தது போன்ற சிறு பிசகுகளைச் சேர்க்கும் ஹ்யூமனைஸ் என்று பல ஆயத்த அமைப்புகள் அதில் இருக்கின்றன. மேலே நிபந்தனை, கீழே செயல் என்ற அமைப்பும் ஏறக்குறைய இதுவேதான்.

அதில் நான் மிகவும் மதிக்கும் ஏற்பாடு, அடியில் இருக்கும் மூன்று பொத்தான்கள். ஒன்று தேர்ந்தெடுக்க மட்டும் செய்யும். இரண்டாவது, ஏற்கெனவே தேர்வாகியிருப்பவற்றின் மீது செயலை மட்டும் நடத்தும். மூன்றாவது இரண்டையும் சேர்த்துச் செய்யும். ஒலிமேசை அவர்கள் வலியுறுத்திய பழக்கத்தை அந்தப் பொத்தான்களே கற்றுத் தந்துவிடுகின்றன. முதல் பொத்தானை அழுத்தி, தேர்வானவற்றைப் பியானோ ரோலில் பார்த்து, வேண்டாதவற்றைத் தேர்விலிருந்து கையால் விடுவித்துவிட்டு, பிறகு இரண்டாவது பொத்தானை அழுத்துமாறு உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

இங்கே தரப்பட்ட டிக் எண்களை அவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. லாஜிக்கின் வழக்கமான அமைப்பில் பதினாறில் ஒரு நோட்டுக்கு 240 டிக்குகள். அதாவது கால் நோட்டுக்கு 960. எனவே இங்கே 40 என்று சொன்னது அங்கே 80. சுருதிப் பெயரில் சிக்கல் இல்லை. வழக்கமான அமைப்பில் லாஜிக்கும் 60-ஐ சி3 என்றே காட்டுகிறது. அவர் சொந்தமாக உருவாக்கும் அமைப்புகள் அந்த புராஜெக்டுடனேயே சேமிக்கப்படுகின்றன. வேறொரு புராஜெக்டில் அவை வேண்டுமென்றால், புராஜெக்ட் அமைப்புகளை இறக்குமதி செய்யும் வசதியில் டிரான்ஸ்ஃபார்ம் செட்ஸ் என்பதைத் தேர்ந்து கொண்டுவரலாம். இதை அறியாமல், எழுதியது காணாமற்போய்விட்டதென்று பலர் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒலிமேசை எழுதியது:

புல்லாங்குழலைப் பற்றிய கேள்வி மிக நியாயமானது. நீளத்திலும் வெலாசிட்டியிலும் சுருதியிலும் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நோட்டுகளுள் எது அணி, எது பிழை என்பது மிடித் தரவில் எழுதப்பட்டிருக்கவில்லை. வாசித்தவருடைய எண்ணத்தில்தான் இருக்கிறது. அதைப் பிரித்துத் தரும் நிபந்தனையைத் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் அறிவுரை.

அதற்குப் பதிலாக, செயல் பட்டியலில் பிரித்தெடுத்தல் என்பதை வைத்து இயக்குங்கள். நிபந்தனைக்குப் பொருந்தும் நோட்டுகள் அழிந்துபோகாமல், புதிய டிராக் ஒன்றில் தனிப் பார்ட்டாக (நோட்டுகள் அடங்கிய துண்டாக)ப் போய் அமரும். ஐயத்துக்குரியவை அனைத்தும் இப்போது ஓரிடத்தில் இருக்கின்றன. அவற்றின் இடமும் மாறவில்லை. இரண்டு பார்ட்டுகளையும் சேர்த்துத் தேர்ந்து கீ எடிட்டரில் திறந்தால் ஒன்றன் பின்னணியில் மற்றொன்றைக் காணலாம். புதிய டிராக்கை மியூட் செய்து பாடலைக் கேளுங்கள். எங்கெல்லாம் சொற்றொடர் வறண்டு ஒலிக்கிறதோ அங்கே உங்கள் அணிச் சுரம் விடுபட்டிருக்கிறது என்று பொருள். அந்த நோட்டை மட்டும் வெட்டிப் பழைய பார்ட்டில் ஒட்டிவிடுங்கள். நூற்றுக்கணக்கான நோட்டுகளுக்கு நடுவே தேடுவதற்கும், ஐயத்துக்குரிய சிலவற்றை மட்டும் செவியால் தீர்ப்பதற்கும் உழைப்பில் மிகுந்த வேறுபாடு உண்டு. புல்லாங்குழலில் பிட்ச் பெண்ட் பதிவாகியிருந்தால், வகை நோட்டு என்ற வரி இருப்பதை மறுபடியும் உறுதி செய்துகொள்ளுங்கள். சுர வளைவுகள் நோட்டை விட்டுப் பிரிந்து வேறு டிராக்குக்குப் போய்விட்டால் கமகம் முழுதும் குலைந்துவிடும்.

பழைய கீபோர்டு அவர்கள் எழுப்பிய கருத்துக்கும் ஒரு சொல். எக்ஸ்பிரஷன் மேப் சிறந்த ஏற்பாடு என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மற்றவர்கள் அனுப்பும் மிடிக் கோப்புகளில் கீஸ்விட்ச்சுகள் நோட்டுகளாகவே வந்து சேரும். ஆகையால் சுருதி வரம்பை எழுதத் தெரிந்திருப்பது எப்போதும் பயன்படும்.

நேரடியாக இயக்குவதைப் பொறுத்தவரை, நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு பிரீசெட்டும் கீ கமாண்ட்ஸ் சாளரத்தில் லாஜிக்கல் பிரீசெட்டுகளுக்கான பிரிவில் தோன்றும். அங்கே அதற்கு ஒரு விசையை ஒதுக்கிவிட்டால் போதும். வெலாசிட்டியை 0.5-ஆல் பெருக்குவது, 40-ஐக் கூட்டுவது ஆகிய இரண்டையும் ஒரே மேக்ரோவாக (வரிசையாக இயங்கும் கட்டளைத் தொகுப்பாக) அதே சாளரத்தில் இணைத்துவிட்டால் வரிசை மாறிப்போகும் என்ற கவலையும் இல்லை. ஆனால் விசையை அழுத்தும் முன் எந்தச் சாளரத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீ எடிட்டரில் சில நோட்டுகள் தேர்வாகியிருந்தால் அவற்றின் மீது மட்டும் பிரீசெட் இயங்கும். எதுவும் தேர்வாகாமல் இருந்தால் அங்கே திறந்திருக்கும் அனைத்தின் மீதும் இயங்கும். புராஜெக்ட் சாளரத்தில் பல பார்ட்டுகள் தேர்வாகியிருந்தால் அவை எல்லாவற்றின் மீதும் இயங்கும். பல டிராக்குகளை ஒரே முறையில் திருத்த வேண்டும்போது இது பெரும் உதவி. தபேலாவுக்கு எழுதியதை வயலின் பார்ட்டும் தேர்வாகியிருக்கும்போது அழுத்திவிட்டால் இதுவே பெரும் தொல்லை. எனவே பிரீசெட்டுகளின் பெயரில் வாத்தியத்தையும் வரம்பையும் எழுதிவிடுங்கள்: “வயலின், 55-க்கு மேல், 40 டிக்” என்பதுபோல.

பிரீசெட்டுகள் ஒவ்வொன்றும் சிறிய எக்ஸ்எம்எல் கோப்பாகக் கியூபேஸின் பயனர் கோப்புறையில், பிரீசெட்ஸ் என்பதற்குள் லாஜிக்கல் எடிட் என்ற பகுதியில் இருக்கும். கணினியை மாற்றும்போது அந்தக் கோப்புறையை நகலெடுத்துக்கொள்ள மறவாதீர்கள். கீ கமாண்டுகளைத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும். அவை இந்தக் கோப்புறையில் அடங்குவதில்லை.

தாளக்கட்டு எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. மேக்ரோவாக இணைக்கும்போது மிசிர சாபுவுக்கான முதல் அடி அழுத்தத்தை அதனுடன் சேர்க்காமல் தனியாகவே வைத்திருங்கள். பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றிலும் சமத்துக்கு ஒரே அழுத்தம் வேண்டியிருக்காது. பாடுபவர் சமத்தில் எடுக்காமல் சற்றுத் தள்ளி எடுக்கும் இடங்களில் தபேலாவின் முதல் அடி இலேசாக இருப்பதே நன்றாக இருக்கும். அந்த இடங்களின் பார்ட்டைத் தனியே வெட்டிப் பிரித்துவிட்டு, மற்ற பார்ட்டுகளை மட்டும் தேர்ந்து இயக்குங்கள்.